பள்ளியில் கிரேக்கமோ லத்தீனோ படிக்காதவர் பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய உலகைப் பற்றிய படிப்பில் சேர முடியுமா? சமாளிக்க முடியுமா?

சேரலாம். நான் பிரிட்டனில் சேர்ந்தபோது ஆல்பா, பீட்டாவைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அங்கே பல இடங்களில் முதல் வருடம் எழுத்திலிருந்தே சொல்லித் தருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இப்படி வருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. கேம்பிரிட்ஜில் லத்தீன் தெரியாதவர்கள் ஒரு வருடம் கூடுதலாக, நான்கு வருடம் படிக்கிறார்கள்.

சமாளிப்பதைப் பற்றிக் கேட்டால், தமிழில் வளர்ந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன். லத்தீன் வேற்றுமைகளைப் பார்த்து என் வகுப்பு மிரண்டது. 'கானிஸ் ஹோமினெம் மொமோர்தித்' என்றாலும் 'ஹோமினெம் கானிஸ் மொமோர்தித்' என்றாலும் கடித்தது நாய்தான் என்று ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்கினார். நாய் மனிதனைக் கடித்தது, மனிதனை நாய் கடித்தது. நமக்கு ஐ, அவர்களுக்கு எம். இதில் மிரள என்ன இருக்கிறது?

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டின் முதல் மூன்று சொற்களைப் பாருங்கள்: 'மேனின் அஎய்தெ தெஆ'. சினத்தைப் பாடு, தேவி. ஹோமர் சினத்தைத்தான் முதலில் வைத்தார்; அதை அங்கேயே வைத்திருக்க ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் படாத பாடு படுகிறார்கள். தமிழில் ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கர்வத்தைக் கிரேக்க வினைச்சொல் அடக்கியது. 'பெரோ' என்றால் சுமக்கிறேன். சுமப்பேன் 'ஒய்சோ'. சுமந்தேன் 'ஏனெங்க'. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் தேர்வில் பெயில். குறுக்கு வழி எதுவும் இல்லை, தினமும் வாய்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டியதுதான். அப்புறம் இருபது வரிக்கு இரண்டு மணி நேரம் என்று கிரேக்க அகராதியோடு உட்கார வேண்டும். அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான லிடெல், ஆலிஸின் அற்புத உலகக் கதைக்குக் காரணமான ஆலிஸின் அப்பா. இந்தத் துணுக்கைத்தான் எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள்!

மொழி பாதிதான். வரலாறு, தத்துவம், கல்வெட்டு, பானை ஓவியம் என்று மிச்சம் நிறைய. எனக்குப் பிடித்தது பாப்பிரஸ் வகுப்பு; பாப்பிரஸ் என்றால் நாணல் தாளில் எழுதிய பழைய ஏடு. வியன்னாவில் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் முசிறி வியாபாரத்துக்கு வாங்கிய கடன் பற்றிய ஒப்பந்தம், மறுபக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: நறுமணப் பொருள், தந்தம். சங்கப் பாட்டில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலை, இங்கே அவர்களுடைய கணக்குப்பிள்ளை எழுதி வைத்தபடி படிக்கிறோம்.

வேலையா? இந்தப் படிப்புக்கென்று நேராக ஒரு வேலை கிடையாது. என்னோடு படித்தவர்கள் சட்டம், ஆசிரியர் வேலை, அரசுப் பணி என்று போனார்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். சேர முடிவு செய்துவிட்டால் இப்போதே கிரேக்கத்தின் 24 எழுத்தையும் எழுதிப் பழகுங்கள். ஒரு வார இறுதி போதும்.