அரை புஷல் ஆப்பிளும் ஓர் அடிகனமான பாத்திரமும்: ஆப்பிள் சாஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

செப்டம்பர் பிறந்ததும், வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஏதேனும் ஒரு சனிக்கிழமை பழத்தோட்டத்துக்குச் சென்று, பறிக்கும் உற்சாகத்தில் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஆப்பிளைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பை சமையலறை மூலையில் கிடக்கும் இரண்டாம் வாரத்தில்தான் ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழான ஆப்பிள் சாஸ் பற்றி எனக்குக் கேள்விகள் வரத் தொடங்குகின்றன. கெட்டுப்போன சாஸ் என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் பெரும்பாலும் நான் கண்ட குற்றவாளி தண்ணீர். அதற்கு அடுத்தது அவசரம். கீழே உள்ள பதில்களில் இவ்விரண்டும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுவே.

அரை புஷல் (புஷல் என்பது தோட்டங்களில் பழம் அளக்கும் அளவு) ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் பறித்து வந்து, அதை மட்டும் வைத்துச் சாஸ் செய்தேன். இனிக்கிறதே தவிர ஆப்பிளின் சுவை எடுப்பாகத் தெரியவில்லை. எந்த வகை சரியானது? (நியூ ஜெர்சி வாசகி)

ஒரே வகையை நம்பாமல் இரண்டு மூன்று வகைகளைக் கலப்பதே நல்லது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப், கடித்துத் தின்பதற்கென்றே பேர்பெற்ற பழம். அடுப்பில் ஏறிய பிறகு அந்த மொறுமொறுப்பால் பயன் ஏதுமில்லை, வேகத்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மெக்கின்டாஷ் அப்படியன்று. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தானே குழைந்து, கரண்டி பட்ட மாத்திரத்தில் கீரை மசியல்போல் ஆகிவிடும். புளிப்பும் உண்டு, மூடியைத் திறந்ததும் வீடு முழுவதும் பரவுகிற மணமும் உண்டு. 1811இல் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி தம் நிலத்தைத் திருத்தும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்த இந்த வகை, பின்னாளில் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவான கார்ட்லேண்டுக்கும் எம்பயருக்கும் பெற்றோரில் ஒன்றானது. ஆகவே தோட்டத்தில் மெக்கின்டாஷ் தீர்ந்துபோயிருந்தாலும் அதன் பிள்ளைகளில் ஒன்று கிடைத்துவிடும்.

மூன்று பவுண்டு இனிப்புப் பழத்துக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு புளிப்புப் பழம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதலில் உள்ள கணக்கு. உங்களிடம் எஞ்சியிருக்கும் ஹனிகிரிஸ்பை வீணாக்க வேண்டாம். கடையில் கிரானி ஸ்மித் என்ற புளிப்பு ஆப்பிளை வாங்கி இந்த விகிதத்தில் சேர்த்தாலே சுவை நிமிர்ந்துவிடும். ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) சாஸுக்கு ஏறக்குறைய மூன்று பவுண்டு பழம் தேவைப்படும் என்பதால், இருபது பவுண்டுக்குச் சற்று மேல் எடையுள்ள அரை புஷலுக்கு ஏழு குவார்ட் ஜாடிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

குக்கரில் இரண்டு விசில் விட்டால் முடிகிற வேலைக்கு ஏன் இவ்வளவு நேரம் நின்று கிளற வேண்டும்? (டொராண்டோ வாசகர்)

தயவுசெய்து குக்கர் வேண்டாம். பிரஷர் குக்கர்களின் கையேடுகள், அதில் சமைக்கக் கூடாதவை என்று தரும் பட்டியலில் ஆப்பிள் சாஸ் வழக்கமாக இடம்பெறும். நம்மில் எவரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. பழம் குழையும்போது நுரைத்துப் பொங்கி, கூழும் தோலும் நீராவி வெளியேறும் குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது. இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் நானும் இதைச் செய்து பார்த்தவள்தான். முதல் விசிலுக்குக் காத்திருந்தபோது வெயிட்டைச் சுற்றிப் பழுப்புக் கூழ் நுரைத்து மூடியின் மேல் வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை சமையலறைக்கு வெளியே நின்றேன். பிறகு திறந்து பார்த்தால், சீரகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு தோல் சுருள் குழாயின் வாயில் செருகிக்கொண்டிருந்தது.

நீங்கள் நினைக்கிற அளவுக்கு நேரமும் ஆகாது. பழத்தை நான்காக நறுக்கி, நடுத்தண்டையும் விதைகளையும் நீக்கி, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, அரை கப் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடி, மிதமான தீயில் வையுங்கள். அந்த அரை கப், பழம் தன் சாற்றை விடத் தொடங்கும்வரை அடிபிடிக்காமல் காப்பதற்கு மட்டுமே. பெரிய பாத்திரம் நிறையப் பழம் இருந்தாலும் அவ்வளவே போதும். வகையையும் கனிவையும் பொறுத்து ஐந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். அவ்வப்போது அடிவரை கரண்டி விட்டுக் கிளறினால் போதும். ஆப்பிளின் அமிலம் அலுமினியத்தைத் தாக்குவதால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டியை இதற்கு எடுக்காதீர்கள்.

தோலைச் சீவ வேண்டுமா? மிக்ஸியில் அரைக்கலாமா? (பாஸ்டன் வாசகி)

சீவாமல் வேகவைத்துப் பிறகு வடிகட்டுவதையே நான் விரும்புகிறேன். சிவப்புத் தோலின் நிறம் இறங்கி, சாஸ் வெளிர் ரோஜா நிறத்துக்கு வரும். தோலுக்கு அருகில் உள்ள, சாஸைக் கெட்டியாக்கும் பெக்டினும் மணமும் வீணாவதில்லை. கைப்பிடியைச் சுற்றி அரைக்கிற வடிகட்டி ஒன்றை இங்கே ஃபுட் மில் என்பார்கள். அது இல்லாவிட்டால் கண் அகன்ற கம்பி வடிகட்டியில் கொட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். தோல் மேலேயே தங்கிவிடும்.

தோலைச் சீவிவிட்டவர்களுக்குப் பருப்பு மத்தைவிடச் சிறந்த கருவி வேறில்லை. ஆங்காங்கே சிறு துண்டுகள் தட்டுப்படும் சாஸின் ருசி தனி. மிக்ஸியில் ஓட்டினால் கடையில் விற்பதைப்போல வழவழவென்று, கடிக்க ஏதுமில்லாத கூழாகிவிடும். அதுதான் வேண்டுமென்றால் ஓட்டலாம். ஆனால் விதை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. ஆப்பிள் விதையில் அமிக்டாலின் என்ற பொருள் இருக்கிறது. விதை நொறுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். ஓரிரு விதையால் ஆபத்து நேராது, என்றாலும் கசப்பு நிச்சயம்.

சாஸ் ரசம்போல் ஓடுகிறது. சோளமாவு கரைத்து ஊற்றலாமா?

வேண்டாம். மூடியைக் கழற்றிவிட்டு, சிறு தீயில், தக்காளித் தொக்கைச் சுண்டவைப்பதுபோல் சுண்டவிடுங்கள். கெட்டியாகும்போது கொதித்துத் தெறிக்கும், கை பத்திரம். அடுத்த முறை தண்ணீரைக் குறையுங்கள்.

மரத்தடியில் விழுந்து கிடந்த பழங்களைத் தோட்டக்காரர் பாதி விலைக்குத் தருகிறார். வேகவைக்கத்தானே போகிறோம், வாங்கலாமா? (நியூயார்க் மாநில வாசகர்)

அடிபட்டதும் அழுகியதும் வேறு வேறு. மரத்திலிருந்து பறித்த பழத்தில் விரல் பட்ட இடம் கன்றிப்போயிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தரையில் கிடந்த பழத்தில் பூசணம் பிடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஆப்பிளில் வளரும் நீலப் பூசணம் பட்டுலின் என்ற நச்சை உண்டாக்குகிறது. கொதிக்கவைத்தாலும் பட்டுலின் அழியாது என்பதால் "வெந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம் சமாதானம் இங்கே செல்லாது. ஆப்பிள் சாறு முதலிய பொருள்களில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுச் சமையலறையில் அதை அளக்க வழியில்லை. மேயும் மாடுகளோ மான்களோ வந்துபோகும் தோட்டமென்றால் தரையில் சாணக் கிருமிகளும் இருக்கும். பாதி விலையை மறந்துவிடுங்கள்.

நாங்கள் டென்வரில் வசிக்கிறோம். சாஸைச் சூடாக ஜாடியில் ஊற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மூடி இறுகிவிடுகிறது. இது ஓராண்டு தாங்குமா?

மூடி இறுகுவதற்கும் உள்ளிருப்பது பத்திரமாக இருப்பதற்கும் தொடர்பில்லை. ஆப்பிள் சாஸின் பிஹெச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.6க்கு நன்கு கீழே இருப்பதால், கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி அதில் வளராது. ஆனால் பூசணமும் ஈஸ்டும் வளரும், அவற்றை அழிக்கக் கொதிநீரில் வைத்தாக வேண்டும். கழுவிச் சூடாக வைத்திருந்த மேசன் ஜாடிகளில் (உணவை அடைத்து வைப்பதற்கென்றே விற்கும் கண்ணாடி ஜாடிகள்) கொதிக்கும் சாஸை நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, ஓரத்தில் கத்தி செலுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து, புதிய மூடியிட்டு, ஜாடிகள் மூழ்கும்படி கொதிநீரில் வைக்க வேண்டும். ஆயிரம் அடி உயரம் வரையுள்ள ஊர்களுக்குப் பைன்ட் (அரை குவார்ட்) ஜாடிக்கு 15 நிமிடம், குவார்ட்டுக்கு 20 நிமிடம். உங்கள் ஊர் ஐயாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் பைன்ட்டுக்கு 20, குவார்ட்டுக்கு 30 நிமிடம் வையுங்கள். காலி ஊறுகாய் பாட்டில்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

சாஸோடு பூசணிக்காய் சேர்த்து இதே முறையில் அடைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது, பூசணியில் அமிலம் மிகக் குறைவு, கணக்கே மாறிவிடும். அப்படிச் செய்ததை உறைபெட்டியில் வைத்து உண்ணுங்கள். ஜாடி, கொதிநீர் என்ற இத்தனை ஏற்பாட்டுக்கும் பொறுமையில்லாதவர்களுக்கு உறைபெட்டியே போதும். உறையும்போது விரியும் என்பதால் டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள். திறந்த ஜாடியைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஏழு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், சர்க்கரையும் உப்பும் சேர்க்காமல், வடிகட்டி, ஐஸ் தட்டில் உறையவைத்து, வேளைக்கு ஒன்றிரண்டு கட்டிகளை எடுத்து இளக்கிக்கொள்ளுங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் சேர்க்கவே கூடாது. பட்டைத்தூளையும் குழந்தைக்கு நான் தவிர்ப்பேன்: 2023இன் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற பட்டை கலந்த ஆப்பிள் கூழ்ப் பைகள், அந்தப் பட்டைத்தூளில் ஈயம் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. பெரியவர்களுக்கான சாஸில் முழுப் பட்டை ஒன்றைப் போட்டு வேகவைத்து எடுத்துவிடலாம். எனக்கென்னவோ பட்டையைவிடச் சுக்கு ஒரு சிட்டிகைதான் மெக்கின்டாஷோடு ஒத்துப்போகிறது.

ஏழு குவார்ட்டை எதற்குத்தான் தொட்டுக்கொள்வது? (மீண்டும் டொராண்டோவிலிருந்து)

ஜெர்மானியரும் யூதரும் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட பணியாரத்துக்கு ஆப்பிள் சாஸைத் தொட்டுக்கொள்கிறார்கள். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டு வளர்ந்த நாக்குக்கு அது சிறிதும் அந்நியமாகத் தெரியாது. அடைக்கே தொட்டுக்கொண்டாலும் பொருந்துகிறது. முட்டை சேர்க்காத வீடுகளில் கேக் மாவில் ஒரு முட்டைக்குப் பதிலாகக் கால் கப் சாஸ் ஊற்றலாம். கேக் சற்றுக் கனமாகவும் ஈரமாகவும் வரும். அதனால் கூடவே அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு முட்டைக்கு மேல் கேட்கும் கேக்குகளில் இந்த மாற்றை முயல வேண்டாம்.