ஒஸ்: எலும்பா, வாயா?

கேள்வி: மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். இடுப்பெலும்பு 'ஒஸ் காக்ஸே'. கருப்பைக் கழுத்தின் திறப்பும் 'ஒஸ்' என்கிறார்கள். ஒரே சொல்லா?

பதில்: இல்லை, இரண்டு சொற்கள். இலத்தீனில் குறில் 'ஒஸ்' எலும்பு. நெடில் 'ஓஸ்' வாய். அகராதிகள் நெடிலுக்கு மேலே கோடு போடும். உடற்கூறியல் நூல்கள் போடாது. அதனால்தான் குழப்பம். (புள்ளி விடுபட்ட ஓலைச்சுவடியில் ஒகரமா ஓகாரமா என்று தவித்தவர்களுக்கு இது பழைய தொல்லை.)

முதல் வேற்றுமையை வைத்துப் பிரிக்க முடியாது. ஆறாம் வேற்றுமையைப் பாருங்கள்: எலும்பின் என்றால் 'ஒஸ்ஸிஸ்', வாயின் என்றால் 'ஓரிஸ்'. மரம் என்பது மரத்தை, மரத்தின் என அடி மாறுவது போலத்தான். இரு உயிர்களுக்கு நடுவே தனித்து நின்ற 'ஸ்' பழைய இலத்தீனில் 'ர்' ஆகத் திரிந்தது. எலும்பில் அது இரட்டித்து நின்றதால் தப்பியது. பன்மையிலும் அதே அடிகள்தான்: எலும்புகள் 'ஒஸ்ஸா', வாய்கள் 'ஓரா'. ஆகவே 'ஒஸ்ஸா கார்பி' மணிக்கட்டு எலும்புகள். 'ஆர்பிகுலாரிஸ் ஓரிஸ்' வாயைச் சுற்றிய தசை.

ஆங்கிலச் சொற்களும் இந்த அடிகளின் வழியே பிரியும். ஆசிஃபிகேஷன் (எலும்பாக மாறுதல்), ஆசிக்கிள் (காதுக்குள் இருக்கும் சிற்றெலும்பு) ஆகியவை எலும்பு வகை; ஓரல் (வாய் சார்ந்த), ஆரிஃபிஸ் (துளை) ஆகியவை வாய் வகை. மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'ஆஸ்டியம்' வாய் வகை, திறப்பு என்று பொருள். டைபர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ரோமின் துறைமுகம் ஓஸ்டியாவும் இதன் உறவே. ஆனால் 'ஆஸ்டியோ' என்று தொடங்குபவை கிரேக்க எலும்பு. நாம் கரைக்கும் 'அஸ்தி'க்கு அது தூரத்துச் சொந்தம்.

குழம்புவது உங்களுக்கு மட்டுமல்ல. வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த புனித அகஸ்டின், தம் ஊரார் காதுக்குக் குறில் நெடில் பிடிபடாது என்று சொல்லி, எலும்புக்குக் கொச்சைச் சொல்லான 'ஒஸ்ஸும்' என்பதையே பேசலாம் என்றார். இத்தாலிய 'ஒஸ்ஸோ' அந்தக் கொச்சையின் வாரிசு.

மருந்துச் சீட்டில் வரும் 'பி.ஓ.' என்பது 'பெர் ஓஸ்', அதாவது வாய்வழி. 'பெர்' இரண்டாம் வேற்றுமை கேட்கும். அப்படியிருந்தும் சொல் மாறாததற்குக் காரணம், இவ்விரு சொற்களும் நடுப்பால், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத இலக்கணப் பால். நடுப்பாலில் முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம்தான்.