‘எனக்கு ஓசிடிப்பா!’

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், அலமாரி கலைந்திருந்தால் ‘எனக்கு ஓசிடிப்பா’ என்கிறாள். நான் குரல் உயர்த்தினால் ‘ட்ரிகர் ஆகுது’. அவள் அம்மா ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்றால் ‘கேஸ்லைட் பண்றீங்க’. பெரியப்பா ‘நார்சிசிஸ்ட்’. இந்தத் தலைமுறைக்கே மெண்டல் பிடித்துவிட்டதா? அவள் போனிலிருந்து இன்ஸ்டாகிராமை எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: மகளைப் பற்றிப் புகார் சொல்ல வந்து, கடைசியில் நீங்களும் அதையே செய்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிச் சொல்லை எடுத்து ஆளை அடிப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? 1794-ல் வேர்விட்ட மனநலக் காப்பகம் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அதை வைத்து நாம் என்ன செய்தோம்? ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒரு வசவைச் செய்துகொண்டோம். உங்கள் மகளின் வயதுக்காரர்கள் கீழ்ப்பாக்கத்தை விட்டுவிட்டு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்மைப் பிடித்திருக்கிறார்கள். தனக்கே ஒரு நோயின் பெயரைச் சொல்லிக்கொள்ள அவர்கள் கூச்சப்படுவதில்லை. அந்த மட்டும் லாபம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கையேட்டில் பெயருக்கு அடியில் கணக்கு இருக்கிறது: எத்தனை அறிகுறி, எத்தனை நாள், எந்த அளவு வாழ்க்கை கெட்டிருக்கிறது. பேச்சில் பெயர் மட்டும் வருகிறது, கணக்கு வருவதில்லை.

ஓசிடியையே எடுத்துக்கொள்வோம். அலமாரியை அடுக்கி முடித்ததும் ‘அப்பாடா, எவ்வளவு அழகா இருக்கு’ என்று தோன்றினால் அது சுத்தப் பழக்கம். ஓசிடிக்காரருக்கு அந்த ரசனையெல்லாம் கிடையாது. வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து குடையும். கேஸ் திறந்திருக்குமோ, கையில் கிருமி ஒட்டியிருக்குமோ என்று. பூஜை அறையில் நிற்கும்போது சாமியைப் பற்றியே அசிங்கமான நினைப்பு வருவதும் உண்டு. அதை அடக்கக் கழுவுவார், எண்ணுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், மனதுக்குள் மந்திரம் சொல்வார். செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை, அடுத்த முறையும் மூளை அதையே கேட்கும். டிஎஸ்எம்-5 கணக்குப்படி இது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்ன வேண்டும், அல்லது கடும் வேதனையைத் தரவோ, படிப்பையும் வேலையையும் கெடுக்கவோ வேண்டும். சிகிச்சையும் லேசில்லை. அழுக்கானதைத் தொடச் சொல்லி, கழுவ விடாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை உட்காரவைக்கும் பயிற்சி. மாத்திரையும் கொடுத்தால், அது கேட்கிறதா என்று சொல்லவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். சுத்தக்காரர்கள் எல்லாம் ‘எனக்கு ஓசிடி’ என்று சொல்லித் திரிந்தால், பூஜை அறையில் அந்த நினைப்போடு நிற்கும் பையனுக்குத் தன்னுடையது ஓசிடி என்றே தெரியாது. பாவம் செய்துவிட்டோம் என்று நினைத்து வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருப்பான்.

ட்ரிகர் என்பதும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு, இன்றும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டு அந்தத் தண்ணீர் கண்முன் ஏறினால் அது ட்ரிகர். அப்பா சத்தம் போடுவதால் வருவது பெரும்பாலும் எரிச்சல்தான். (உங்கள் குரல் எவ்வளவு உயரும் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் ‘பெரும்பாலும்’ என்றேன்.)

கேஸ்லைட்டிங், டாக்ஸிக் (கூட இருப்பவரை நோகடிக்கும் ஆள் என்று சொல்வது) இரண்டும் டிஎஸ்எம்மில் நோயாகவே இல்லை. சொன்னதை மறப்பதும் மறுப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒருவருக்குத் தன் நினைவின் மீதே சந்தேகம் வரும்படி, ஒரே ஆள் தொடர்ந்து திட்டமிட்டுப் புரட்டினால் அந்தச் சொல் பொருந்தும். நார்சிசிஸ்ட்டோ, தன்னையே பெரிதாக நினைக்கும் ஒரு ஆளுமைக் கோளாறின் பெயர். ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், இளவயதிலிருந்தே எல்லா இடத்திலும் தெரிய வேண்டும், நேரில் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பெரியப்பா மைக்கை விடாமல் பிடித்துக்கொள்வது போதாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சண்டை நடக்கும்போது சொல்லைத் திருத்தப் போகாதீர்கள், வாத்தியார் வேலை எடுபடாது. ‘அந்த வார்த்தை இருக்கட்டும்மா, என்ன நடந்துச்சு சொல்லு’ என்று கேளுங்கள். ‘நீங்க டாக்ஸிக்’ என்பதற்குப் பதில் கிடையாது. ‘ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மார்க்கைச் சொல்லித் திட்டினீங்க’ என்றால் பதில் உண்டு, தேவைப்பட்டால் மன்னிப்பும் கேட்கலாம்.

‘டிப்ரஷன்’ என்றாலோ, ‘உனக்கென்ன குறைச்சல்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா, கிளாஸுக்குப் போகிறாளா என்று கேளுங்கள். அரியர் விழுந்த இரண்டு நாள் சோகம் தானாகப் போய்விடும். மனச்சோர்வோ விருப்பமின்மையோ நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரமாக நீடித்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தொடங்கும் இடம் தெரியாவிட்டால் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ‘செத்துப்போகலாம் போல இருக்கு’ என்று சொன்னால் அந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாகவும் விடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமா? வேண்டாம். கல்லூரி படிக்கும் பெண்ணின் போனில் நீங்கள் கை வைத்தால் ‘கன்ட்ரோல் பண்றீங்க’ என்பாள். அந்த ஒரு தடவை அவள் சொல்வது சரியாகவே இருக்கும்.