மில்லுக்குள் வெள்ளம், கையில் அபராத நோட்டீஸ்

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மசாலா மில் வைத்திருக்கிறேன். ஓர் உணவகத்துக்கு மாதம் 200 கிலோ தருவதாக ஒப்பந்தம். மழை வெள்ளம் புகுந்து மூன்று வாரம் அரைவை நின்றது. இப்போது தாமத அபராதம் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: அந்த வரி இல்லை என்பதற்காக உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்கப் பொதுச்சட்டமே, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த சட்டமே, உங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். ஒரு பழைய வழக்கைப் பாருங்கள். கோக்ஸ்டாட் நகராட்சிக்குத் தெருவிளக்கு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள், முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டவர் என்று சிறைவைக்கப்பட்டார்கள். தன் தவறில்லாமல், தடுக்க முடியாத காரணத்தால் நிறைவேற்ற இயலாமல் போனவர் பொறுப்பல்ல என்று 1919-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் 'இயலாது' வேறு, 'சிரமம்' வேறு. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வெறும் 'மசாலா 200 கிலோ' என்று இருந்தால் உங்கள் தரப்பு பலவீனம். டர்பனில் மசாலாவுக்கா பஞ்சம்? விக்டோரியா தெரு மார்க்கெட்டில் நஷ்டப்பட்டாவது வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பார்கள். 'எங்கள் மில்லில், எங்கள் பக்குவத்தில் அரைத்தது' என்று இருந்தால் கதையே மாறும். அது வேறெங்கும் கிடைக்காது. அப்போதும் ஒப்பந்தம் முறிந்துவிடவில்லை, மூன்று வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். மழைக்கு முன்பே சரக்கு பாக்கி வைத்திருந்தீர்களானால் வெள்ளத்தைக் காரணம் காட்டுவது கடினம்.

அபராதம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் ஒரு வழி உண்டு. அவர்களுக்கு உண்மையில் என்ன பாதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப்புக்குப் பொருந்தாத அளவு பெரிய அபராதத்தைக் குறைக்க 1962-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

அடுத்த ஒப்பந்தத்தில் வெள்ளம், கலவரம், சாலை துண்டிப்பு, எத்தனை நாளுக்குள் தகவல் தர வேண்டும் என்பதையெல்லாம் எழுதுங்கள். மின்வெட்டையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். வருடக்கணக்கில் பழகிப்போன ஒன்றை 'எதிர்பாராதது' என்றால் நீதிபதிக்குச் சிரிப்புத்தான் வரும்.

காப்பீட்டில், இயந்திரம் நனைந்த நஷ்டம் வேறு, அரைவை நின்ற நாட்களின் வருமான இழப்பு வேறு. இரண்டாவதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2021 ஜூலையில் நடந்ததுபோன்ற கலவரச் சேதத்துக்கு அரசின் சாஸ்ரியா காப்பீடு. அதையும் உங்கள் காப்பீட்டாளர் மூலமே எடுக்கலாம்.

மோட்டாரைச் சிமெண்ட் மேடை கட்டி உயர்த்துங்கள். மேட்டுப் பகுதியிலுள்ள இன்னொரு மில்காரரிடம், அவசரத்துக்கு அரைத்துத் தர இப்போதே பேசி எழுதி வாங்குங்கள். பலரும் மறப்பது கலவை நோட்டை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் போய்ப் பார்த்த ஒரு மில்லில் மோட்டாரைக் காயவைத்து ஓட்டிவிட்டார்கள். மல்லிக்கு எத்தனை பங்கு மிளகாய் என்று எழுதிய நோட்டு மட்டும் மை கரைந்து கூழாகிக் கிடந்தது. உங்கள் மசாலா உங்களுடையதுதான் என்பதற்கு அந்த நோட்டும் ஒரு சாட்சி. ஃபோனில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு இன்றே அனுப்பிவையுங்கள்.