காட்டலான், டச்சு மொழிகளில் வெற்றிக்கான சொற்கள் எங்கிருந்து வந்தன?

வாட்ஸ்அப்பில் ‘வெற்றிதான் விக்டரி ஆயிற்று’ என்று யாரோ அனுப்பி, அதை நம்பலாமா என்று பார்க்கத்தான் கேட்கிறீர்கள் போல. எங்கள் குடும்பக் குழுவிலும் அடிக்கடி வரும்.

ஸ்பெயினில் பார்சிலோனா பக்கம் பேசும் காட்டலான் சுலபம். விக்டோரியா, நேராக லத்தீன். வெல்வதைக் குறிக்கும் ‘வின்கெரே’ என்ற வினையின் வழி வந்தது. பார்சிலோனாக்காரர்கள் வாயில் அது ‘பிக்டோரியா’ என்றுதான் விழும்.

டச்சில்தான் கதையே இருக்கிறது. நான் நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில், மாலை நேர டச்சு வகுப்பில் காட்டலான் பேசும் ஜிரோனா ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்காருவார். “எங்கள் மொழி சுத்த லத்தீன், உங்களுடையது கலப்படம்” என்று ஆசிரியையைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அந்த அம்மா ஒருநாள் பொறுக்காமல் பலகையில் ‘குவன்யார்’ என்று எழுதினார். ஜெயிப்பதற்குக் காட்டலானில் அன்றாடம் சொல்வது அதுதான். பக்கத்திலேயே ‘வெய்டெ’, அதாவது டச்சில் மேய்ச்சல் நிலம். இரண்டுக்கும் ஒரே ஜெர்மானிய வேர், அதாவது டச்சும் ஜெர்மனும் சேர்ந்த மொழிக் குடும்பத்தின் வேர். இரை தேடுவது, சம்பாதிப்பது, அப்புறம் ஜெயிப்பது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே!

அதற்காக டச்சு சுத்தம் என்று நான் சொல்லவில்லை. 1573இல் ஸ்பானியப் படை அல்க்மார் என்ற டச்சு நகரத்தின் முற்றுகையைக் கைவிட்டுப் போனதை ‘அல்க்மாரில் தொடங்குகிறது விக்டோரி’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சரக்கு.

சொந்தமாக இருப்பவை இரண்டு. ஒன்று ‘ஓவர்வின்னிங்’, அதிலுள்ள ‘வின்னென்’ ஆதியில் பாடுபடுவது, போராடுவது. இன்னொன்று ‘ஸேகெ’, சைக்கிள் பந்தயச் செய்திகளில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஜெர்மனின் ‘ஸீக்’ இதன் உடன்பிறப்பு. பிடித்து அடக்குவது என்ற பழைய வேர். சமஸ்கிருத ‘ஸஹ்’ அதே வேர்தான், அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டது சகித்தல். ஆசீர்வாதத்துக்கான ‘ஸேகென்’ பார்க்க இதுபோலவே இருந்தாலும் உறவில்லை. அது லத்தீன் ‘சிக்னும்’, சிலுவைக் குறி போடுவதிலிருந்து வந்தது.

   

தமிழ்ப்பற்று இல்லாதவன் என்று திட்ட வருபவர்களுக்கு: வெல், வென்றான், வெற்றி என்று நம் சொல்லுக்குச் சொந்தக் குடும்பமே இருக்கிறது, யாரிடமும் கடன் வாங்கவும் இல்லை, விக்டரிக்குக் கொடுக்கவும் இல்லை. இதற்கு மேலும் விக்டரி தமிழ்தான் என்றால், நடுவிலுள்ள அந்த ‘க்’ எங்கிருந்து வந்தது என்று மட்டும் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.