ஜூனில் பள்ளி திறக்கிறது. நாலாம் வகுப்பு போகும் மகன் 9 மணிக்குத்தான் எழுகிறான். எப்படிப் பழக்குவது?

முதலில் தூக்கம், பாடம் பிறகு. மே முழுக்க 11 மணிக்குப் படுத்தவனைக் கடைசி இரவு மட்டும் 9 மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பான். எழும் நேரத்தை நாளுக்கு 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள், 6.30க்கு வர 10 நாள் பிடிக்கும். எழுந்ததும் கால் மணி நேரம் மொட்டைமாடியில் விடுங்கள், உடல் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். மதியத் தூக்கம் வேண்டாம். படுக்க ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வையுங்கள்.

படிப்பில் பலர் சறுக்குவது, எடுத்த எடுப்பில் புதுப் புத்தகத்தைத் திறப்பதில். விடுமுறையில் மறப்பது வாய்ப்பாடும், கழித்தலில் கடன் வாங்குவதும். போன வருட நோட்டிலிருந்து தினம் 5 கணக்கு, அரைப் பக்கம் கையெழுத்து; 20 நிமிடம் போதும். பழக்கம் விட்ட விரல் சீக்கிரம் வலிக்கும், சோம்பல் என்று திட்டாதீர்கள். நோட்டுக்கு அட்டை போடுவதை அவனிடமே விடுங்கள், கோணலாக இருந்தாலும் சரி.