காய்ச்சல் வலிப்பு: குழந்தை மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: இரண்டு வயதுப் பையன், 12 கிலோ. போன மாதம் காய்ச்சலில் கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. மறுபடி வந்தால் என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் மணியைப் பாருங்கள் அம்மா. தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள் விரல், ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் போகக்கூடாது: பல் உடையும், புரையேறும். இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா என்பதை அதில்தான் பார்க்க முடியும். பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானே நிற்கும். 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். உங்கள் டாக்டர் மிடாசோலம் (வலிப்பை நிறுத்தும் மருந்து) மூக்கு ஸ்பிரே எழுதித் தந்திருந்தால் அப்போது அடியுங்கள். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், உங்கள் பையனுக்கு 2.4. ஒரு அழுத்தத்துக்கு 0.5 மில்லிகிராம் வரும் பாட்டில் என்றால் இரண்டு மூக்கிலுமாகச் சேர்த்து 5 முறை. வேறு அளவு பாட்டில்களும் கடையில் உண்டு, லேபிளைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் கையில் இரும்புச் சாவியைக் கொடுப்போம். உடனே நின்றுவிடுகிறதே?

பதில்: தானே நிற்கிற வலிப்பு நிற்கும்போது சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான் பாட்டி. சாவி கொடுக்காத குழந்தைக்கும் அதே நேரத்தில் நிற்கும்.

கேள்வி: வாயில் வைக்கவில்லையே, கையில்தானே? அதில் என்ன கெடுதல்?

பதில்: சாவி தேடி நாலு பேர் ஓடும்போது குழந்தை மல்லாந்து கிடக்கிறது, வாந்தி தொண்டையில் நிற்கிறது, எத்தனை நிமிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கெடுதல் அங்கேதான். வெங்காயத்தை முகரவைப்பதற்கும் இதே பதில்.

கேள்வி: காய்ச்சல் வந்ததும் 4 மணிக்கொருமுறை பாராசிட்டமால் கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாமா?

பதில்: தடுக்க முடியாது. இதை ஆய்வுகளில் பலமுறை சோதித்தாகிவிட்டது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரிகிறது. மருந்து முந்திக்கொள்ள வழியில்லை. ஆகவே “நேரத்துக்கு மருந்து கொடுக்காததால்தான் வந்தது” என்று எந்தத் தாயையும் குறை சொல்லாதீர்கள். உடல்வலி குறைந்து குழந்தை தண்ணீர் குடிக்க, தூங்க அந்த மருந்து உதவும். அடிக்கடி வருகிற சில குழந்தைகளுக்கு மட்டும், காய்ச்சல் தொடங்கியதிலிருந்து 2, 3 நாள் குளோபசாம் என்ற வலிப்புத் தடுப்பு மருந்தைக் கொடுக்கச் சொல்வோம். அதில் குழந்தை தள்ளாடும், தூங்கி வழியும். மூளைக்காய்ச்சலின் மயக்கத்தையும் அது மறைத்துவிடலாம். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: பாராசிட்டமால் எத்தனை மில்லி?

பதில்: மில்லியைக் கேட்காதீர்கள், மில்லிகிராமைக் கேளுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15. 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 உள்ள சிரப்பில் அது 7.5 மில்லி, 250 உள்ளதில் 3.6, ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் 1.8. சிரப்பின் 7.5 மில்லி கணக்கைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 750 மில்லிகிராம் உள்ளே போகும், வேளைக்கு வேளை இப்படியே கொடுத்தால் ஈரல் தாங்காது. 6 மணி இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது.

கேள்வி: என் பொண்ணு 9 கிலோ, எத்தனை மில்லி சார்?

பதில்: 135 மில்லிகிராம். பாட்டிலைப் பார்த்து மேலே உள்ளபடி கணக்கிடுங்கள்.

கேள்வி: 14 கிலோவுக்கு எத்தனை மில்லி?

பதில்: மேலே பாருங்கள். லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஐஸ் தண்ணீரில் துடைக்கலாமா?

பதில்: கூடாது. நடுங்கும், உள்சூடு ஏறும்.

கேள்வி: இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்க வேண்டுமா? தடுப்பூசியை நிறுத்தலாமா?

பதில்: 6 மாதம் முதல் 5 வயதுக்குள், உடம்பு முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் திரும்ப வராமல், பிறகு குழந்தை பழையபடி விளையாடினால் இஇஜி தேவையில்லை. தடுப்பூசியை நிறுத்தாதீர்கள், தட்டம்மை வந்தாலே கடும் காய்ச்சல் வரும், வலிப்பும் வரலாம்.

கேள்வி: மறுபடி வருமா?

பதில்: சுமார் மூன்றில் ஒரு குழந்தைக்கு வரும். ஒன்றரை வயதுக்கு முன் முதல் வலிப்பு வந்திருந்தாலோ, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்திருந்தாலோ வாய்ப்பு கூடுதல்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. காய்ச்சலே இல்லாமல் இழுக்கிறது.

பதில்: அது காய்ச்சல் வலிப்பு இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: வலிப்பு நின்று ஒரு மணி நேரமாகியும் குழந்தை சரியாக விழிக்கவில்லை. கழுத்தை வளைத்தால் அழுகிறது.

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே 108.